செலீனின் இடத்துக்கு ஒருவர்

லாசால், மொன்றியல்
10 பெப்ரவரி 2008

என் அன்புத் தங்கச்சி செலீனுக்கு,

சேசு மரி சூசை துணை. அக்கா இங்கே கல்லுப்போல இருக்கிறேன். ஐம்பத்திரண்டு வயதில் ஒரு குளிசையும் போடாமல் திரிகிறவள் இந்தக் கட்டடத்திலேயே நான் ஒருத்திதான். உன் சுகத்தை மாதா பார்த்துக்கொள்வாள் என்று எழுதத்தான் ஆசை. ஆனால் வன்னிச் செய்தியை றேடியோவில் கேட்டுவிட்டு நான் படுகிற பாட்டை மாதாவும் கொஞ்சம் பார்த்தால் நல்லது.

இந்த வருஷம் பனி அள்ளிக் கொட்டுகிறது. பஸ் தரிப்பில் நின்றால் மூக்கு இருக்கிறதா என்று தடவிப் பார்க்க வேண்டும். டோர்வலில் அதே வேலைதான், விமானத்துக்குப் போகிற சாப்பாட்டுத் தட்டு அடுக்குவது. பாண் துண்டு, பட்டர், சலாட், கரண்டிப் பொட்டலம். திரும்பவும் பாண் துண்டு, பட்டர், சலாட். எட்டு மணித்தியாலம். பக்கத்தில் நிற்பவள் ஹெயிட்டிக்காரி. நான் "போன்ஜூர்" சொல்வேன், அவள் "சவா?" என்று சுகம் கேட்பாள். அதோடு அன்றைக்கு நான் மனிதரோடு கதைத்தது முடிந்தது. என்னைத் தனிய விட்டுவிட்டு உன் அன்ரன் அத்தான் செத்து ஐந்து வருஷமாகிறது. சில நாள் கீழே தெப்பனேர் கடைக்குப் போய்ப் பால் வாங்குவேன். மேலே வந்து பார்த்தால் மூன்று போத்தல் பால் ஏற்கெனவே இருக்கும். அந்தக் கடைக்காரனோடு இரண்டு சொல்லுக் கதைக்கத்தான் போனேன் என்று எனக்கே பிறகுதான் விளங்கும். சிரிக்காதே.

விஷயத்துக்கு வருகிறேன். நீ அங்கே கிடந்தது போதும். அம்மா அப்பா இல்லை. தம்பியும் எண்பத்தேழில் போய்விட்டான். எனக்கென்று மிஞ்சினது நீ ஒருத்தி. பதினெட்டு வயதில் கன்னியர் மடத்துக்குப் போகப்போகிறேன் என்று நின்றாய். நான் விழுந்து விழுந்து அழுதேன், நீ போய்விட்டாய். இருபத்தைந்து வருஷம் கர்த்தருக்குக் கொடுத்தாய்தானே? மிச்சத்தில் கொஞ்சம் எனக்குத் தா. அந்தக் குண்டுக்கும் செல்லடிக்கும் இடையிலிருந்து வெளியே வா.

பதில் போடு. உன் போன கடிதத்தை நான் எத்தனை தரம் வாசித்தேன் என்று கேட்டால் வெட்கக்கேடு.

உன் அக்கா,
றோஸ்மேரி


கன்னியர் மடம், முழங்காவில்
2 ஏப்ரல் 2008

அன்புள்ள அக்கா,

இயேசுவின் சமாதானம் உங்களோடு. நானும் பிள்ளைகளும் சுகம். உங்கள் கடிதம் வந்து சேர ஏழு கிழமை எடுத்தது. வவுனியாவிலிருந்து வந்த சுவாமி ஒருவர் தன் செபப் புத்தகத்துக்குள் வைத்துக் கொண்டுவந்து தந்தார். இதையும் அவரிடம்தான் கொடுக்கிறேன்.

பால் வாங்கின கதைக்குச் சிரித்தேன். பிறகு சிரிப்பு வரவில்லை.

எங்கள் இல்லத்தில் இப்போது இருபத்தேழு பெண்பிள்ளைகள். மடுப் பக்கத்திலிருந்து இடம்பெயர்ந்து வந்த அறுபத்தொரு குடும்பங்கள் பள்ளிக்கூட மண்டபத்தில் இருக்கின்றன. நாங்கள் இரண்டு சிஸ்டர்மார். காலையில் கஞ்சி காய்ச்சுகிறோம். யாருக்குக் காய்ச்சல், யாருக்கு வயிற்றோட்டம், எந்தத் தாய்க்கு மாதம் நெருங்குகிறது என்று ஒரு கொப்பியில் எழுதிக்கொள்கிறோம். சைவக்காரர், வேதக்காரர் என்று யாரும் பார்ப்பதில்லை, எங்களோடு செபமாலை சொல்லிவிட்டுத் திருநீறு பூசுகிறார்கள். பதுங்கு குழி வெட்டுவதில் நான் இப்போது கெட்டிக்காரி. உங்கள் தங்கச்சிக்கு மண்வெட்டி பிடிக்கத் தெரியும் என்று யாரிடமாவது சொல்லிப் பாருங்கள், நம்ப மாட்டார்கள்.

நேற்று ஒரு தாய் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார், "சிஸ்டர், நீங்களும் எங்களை விட்டிட்டுப் போயிடுவியளோ?" நான் இல்லை என்றேன்.

அக்கா, நீங்கள் கூப்பிட்டு நான் வர ஏலாது. நான் கீழ்ப்படிதல் வார்த்தைப்பாடு கொடுத்தவள். கொழும்பிலிருந்து எங்கள் சபைத் தலைவி மதர் போ என்றால் போகவேண்டும், வா என்றால் அன்றைக்கே வெளிக்கிடவேண்டும். ஏன் என்று கேட்கிற வழக்கம் எங்களிடம் இல்லை. பெற்றாரோ கூடப்பிறந்தவரோ சாகக் கிடந்தால்தான் இந்த நேரத்தில் ஒருவரைக் கூப்பிடுவார்கள். அப்படி ஒன்றும் வராமல் கடவுள் உங்களைக் கல்லுப்போலவே வைத்திருக்கட்டும்.

செபத்தில் நினைக்கும் தங்கை,
செலீன்


லாசால், மொன்றியல்
4 மே 2008

வணக்கத்துக்குரிய மதர் அவர்களுக்கு,

தங்களுக்கும் சபையின் சகோதரிகள் அனைவருக்கும் தோத்திரம். தங்களின் சுகத்துக்காக மன்றாடுகிறேன்.

நான் சிஸ்டர் செலீனின் கூடப்பிறந்த ஒரே அக்கா. கணவர் இல்லை, பிள்ளைகள் இல்லை. என் வலது மார்பில் கட்டி கண்டிருக்கிறார்கள். ஒப்பரேசனுக்குப் பிறகும் நிச்சயம் சொல்ல முடியாது என்கிறார்கள். கண் மூடும் முன் என் தங்கச்சியை ஒருமுறை பார்க்கவேண்டும். தயவுசெய்து அவளை அங்கிருந்து எடுத்து என்னிடம் அனுப்பிவையுங்கள். விமானச் சீட்டு என் பொறுப்பு.

இதை அவளுக்கு நான் எழுதவில்லை. எழுதினால் தாங்க மாட்டாள்.

தாழ்மையுள்ள,
றோஸ்மேரி அன்ரன்


கொழும்பு
15 ஜூன் 2008

அன்புள்ள றோஸ்மேரி,

ஆண்டவருடைய ஆறுதல் உம்மோடிருப்பதாக. உமது கடிதத்தைக் கோயிலில் வைத்து வாசித்தேன். எங்கள் மடங்கள் எல்லாவற்றிலும் உமக்காக ஒன்பது நாள் மன்றாட்டு நடக்கிறது.

செலீனை வெளியே வரும்படி கட்டளை அனுப்பிவிட்டேன். இருபத்தேழு பிள்ளைகளையும் ஒரு சிஸ்டரோடு விட முடியாது. ஆகையால் செலீனின் இடத்துக்குச் சிஸ்டர் கிறேஸ் போகிறார். வயது இருபத்தொன்பது. நீர்கொழும்பில் எங்கள் பாலர் பாடசாலையில் இருந்தவர். வன்னிக்குப் போகும் முறை அவருக்கு இன்னும் வரவில்லை, ஆனாலும் சொன்னவுடன் பையைக் கட்டினார்.

விசாவுக்கு வைத்தியரின் கடிதம் வேண்டும். வசதிப்பட்டவுடன் அனுப்பிவைக்கவும். உமது உடம்பைக் கவனமாகப் பார்த்துக்கொள்ளும், மகளே.

கிறிஸ்துவில்,
மதர் லூர்து


கொழும்பு
20 ஜூலை 2008

என் அக்காவுக்கு,

எனக்கு ஏன் எழுதவில்லை? மதரின் வாயால் கேட்கவேண்டியதாகப் போய்விட்டது. சாப்பிட முடிகிறதா? ஒப்பரேசன் எப்போது? ஆஸ்பத்திரிக்கு யார் கூட வருகிறார்கள்? ஒவ்வொன்றுக்கும் பதில் எழுதுங்கள்.

நான் வெளியே வந்துவிட்டேன். சண்டைபிடிக்கிற இரண்டு பக்கத்திடமும் பாஸ் எடுத்து வர மூன்று கிழமை ஆனது. கிறேஸ் வந்து இறங்கிய பிறகுதான் நான் வெளிக்கிட்டேன். மெல்லிய உடம்பு, பெரிய சிரிப்பு. இரண்டு பையில் ஒன்று முழுக்கப் பிள்ளைகளுக்கு நிறப் பென்சில். சாவிக்கொத்தையும் கொப்பியையும் கொடுத்து, எந்தப் பிள்ளை இரவில் பயப்படும், யாருக்கு முட்டை ஒத்துக்கொள்ளாது என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். "நீங்கள் யோசியாமல் போங்கோ சிஸ்டர், அக்கா சுகமாகி நீங்கள் திரும்பி வருமட்டும் ஒண்டையும் தொலைக்க மாட்டன்" என்றார்.

பிள்ளைகளுக்கு என் அக்காவுக்குக் கடும் வருத்தம், நோயில் கிடக்கிறா என்று சொன்னேன். மண்டபத்துத் தாய்மாருக்கும் அதைத்தான் சொன்னேன். ஏப்ரலில் என் கையைப் பிடித்த அந்தத் தாய் எனக்கு முகம் தரவில்லை.

மடத்துத் தொலைபேசியிலிருந்து உங்களுக்கு மூன்று தரம் எடுத்தேன். அடிக்கிறது, யாரும் எடுக்கவில்லை. ஆஸ்பத்திரியில் இருக்கிறீர்களோ?

உங்கள்,
செலீன்


லாசால், மொன்றியல்
14 செப்டெம்பர் 2008

என் தங்கச்சிக்கு,

மாதாவே, நீ வெளியே வந்துவிட்டாய். உன் கடிதத்தை டோர்வலுக்குக் கொண்டுபோய் இடைவேளையில் வாசித்து அழுதேன். ஹெயிட்டிக்காரி பயந்துபோய்த் தன் கோப்பியை எனக்குத் தந்துவிட்டாள்.

என் சுகம் பரவாயில்லை. அதைப் பற்றி நீ அதிகம் யோசிக்காதே. டொக்டர்மார் ஆளுக்கொன்று சொல்வார்கள். ஒப்பரேசனைத் தள்ளிப் போட்டிருக்கிறார்கள். மதர் கேட்ட வைத்தியர் கடிதத்தை இங்கே பிரெஞ்சில்தான் தருவார்களாம். அதைப் பெயர்த்து முத்திரை குத்தி எடுக்க நாளாகும், கொஞ்சம் பொறு. தொலைபேசியில் எடுக்காதே, எனக்குத் தொண்டை கட்டிக் குரல் வருவதில்லை. எழுது, எழுத்துத்தான் எனக்குச் சுகம்.

உனக்கு அறை ஒழுங்குபண்ணிவிட்டேன். அத்தானின் பழைய சாமான் எல்லாம் ஏற்றி அனுப்பியாயிற்று. செயின்ட்-மிஷேலில் ஒரு கடையில் உனக்கு நீலக் கோட் ஒன்று வாங்கினேன், முழங்காலுக்குக் கீழே வரும், கன்னியருக்கு ஏற்ற அடக்கமான கோட். பொத்தானைப் போட்டு, கழற்றி, திரும்பப் போட்டுப் பார்த்தேன். எனக்கு விசர் என்று நினைப்பாய். இருக்கட்டும், உயிரோடு இருந்து நினை.

கிறேஸ் சிஸ்டருக்காகவும் மன்றாடுகிறேன். கெட்டிக்காரப் பிள்ளை என்று எழுதியிருக்கிறாய். சமாளிப்பா.

அக்கா றோஸ்மேரி


லாசால், மொன்றியல்
23 நவெம்பர் 2008

அன்புத் தங்கச்சி,

சுகமோ? இரண்டு மாதமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. நீ வன்னியில் இருந்தபோதுகூட இதைவிட நல்லாய்க் கடிதம் வந்தது. கொழும்பில் இருந்துகொண்டு எழுத என்ன கேடு? விசா என்ன மாதிரி? மதர் ஏதும் சொன்னாவா?

பனி தொடங்கிவிட்டது. தமிழ்ப் பூசைக்குப் போனால் எல்லாரும் வன்னியைப் பற்றித்தான். யாருடைய மாமி எந்த மரத்துக்குக் கீழே இருக்கிறா என்று கேட்டுக் கேட்டு அழுகை. நான் ஓரமாக நிற்கிறேன். என் தங்கச்சி வந்துவிட்டாள் என்று சொல்ல வாய் வருவதில்லை.

ஒரு சங்கதி. போன மாதம் தொடக்கத்தில் பூசை முடிய எங்கள் சுவாமி என்னை நிறுத்தி, உடம்புக்கு ஏதும் செய்கிறதோ என்று விசாரித்தார். பக்கத்தில் பாட்டுக்குழுக் குணரத்தினம் அண்ணை காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறார். "எனக்கென்ன சுவாமி, நான் கல்லுப்போல இருக்கிறன்" என்று சொல்லிவிட்டேன். ஊர் முழுக்க என் வருத்தம் தெரிய வேண்டாம் என்றுதான் அப்படிச் சொன்னேன். நீ வேறு மாதிரி எடுக்காதே.

கிறேஸும் பிள்ளைகளும் எங்கே? கிளிநொச்சிப் பக்கம் அடிக்கிறார்கள் என்று கேட்டதிலிருந்து தட்டு அடுக்கும்போது எண்ணிக்கை பிழைக்கிறது.

எழுது. திட்டியாவது எழுது.

அக்கா


கொழும்பு
9 ஜனவரி 2009

அக்கா,

கடிதம் கிடைத்தது. கோட்டுக்கு நன்றி.

நான் மதரின் அலுவலகத்தில் வேலை செய்கிறேன். வருகிற தபால்களைப் பிரித்து மதரின் மேசையில் வைப்பது, பதில் எழுதுவது. விசா அலுவல் அப்படியே நிற்கிறது.

கிளிநொச்சியும் போய்விட்டது. நத்தார்ப் பண்டிகைக்கு முன் ஒருவர் கையில் கிறேஸ் நாலு வரி எழுதி அனுப்பியிருந்தார். இருபத்தேழு பேரோடும் ஆறாவது தரம் இடம்பெயர்ந்து தருமபுரத்தில் இருக்கிறார்களாம். மற்றச் சிஸ்டருக்குக் காலில் காயம். நிறப் பென்சில் இன்னும் முடியவில்லையாம். "அக்காவுக்கு இப்ப எப்பிடி?" என்று கடைசி வரியில் கேட்டிருந்தார்.

இனிப் பாதை இல்லை. யாரும் உள்ளே போகவும் ஏலாது, வரவும் ஏலாது.

உங்களைச் சுகம் விசாரிக்க மறந்தேன் என்று நினைக்க வேண்டாம்.

செலீன்


செட்டிகுளம், வவுனியா
12 ஜூன் 2009

அக்கா,

எல்லாம் முடிந்தது என்று நீங்களும் செய்தியில் பார்த்திருப்பீர்கள். வந்து சேர்ந்த சனங்களை முகாம்களில் வைத்திருக்கிறார்கள். பால்மா கொடுக்கக் கன்னியருக்கு உள்ளே போக அனுமதி கிடைத்தது. மதரிடம் கேட்டு நானும் வந்தேன்.

கூடாரம் கூடாரமாகத் தேடி இருபத்திரண்டு பிள்ளைகளைக் கண்டுபிடித்துவிட்டேன். ஐந்து பேரின் விபரம் இல்லை. மற்றச் சிஸ்டர் வவுனியா ஆஸ்பத்திரியில். கிறேஸ் இல்லை.

மூத்தவள் நிருஷாவுக்குப் பதினான்கு வயது. அவள்தான் சொன்னாள். மாத்தளனில் ஒரு தறப்பாளுக்குக் கீழே இருந்திருக்கிறார்கள். அன்றைக்குப் பெரிய வியாழன். பூசை வைக்கச் சுவாமி இல்லை. இயேசு சீடரின் பாதம் கழுவின நாள், பிள்ளைகளின் காலையாவது கழுவவேண்டும் என்று கிறேஸ் வாளியோடு கிணற்றுக்குப் போயிருக்கிறார். "எங்களைக் குழிக்குள்ள இறக்கி, எண்ணிப்போட்டுத்தான் போனவா" என்றாள் நிருஷா. கிணற்றடியில் செல் விழுந்தது. பிள்ளைகள் பெரியவர்களைக் கூப்பிட்டு அங்கேயே அடக்கம் செய்தார்கள். கொப்பியை நிருஷா சட்டைக்குள் வைத்துக் கொண்டுவந்திருக்கிறாள். அதில் எந்தப் பிள்ளைக்கு முட்டை ஒத்துக்கொள்ளாது என்று நான் சொன்னதும் இருக்கிறது.

இதையெல்லாம் சொல்லி முடித்துவிட்டு அவள் என்னைக் கேட்டாள், "நீங்கள் வருத்தமான அக்காவைப் பாக்கப் போனனீங்கள்தானே சிஸ்டர், அவவுக்கு இப்ப சுகமே?"

சுகம் என்று சொன்னேன்.

கிறேஸின் தாய் திரேசம்மா பேசாலையிலிருந்து வந்து முகாமின் முள்ளுக்கம்பிக்கு வெளியே நான்கு நாள் நின்றார். நான் போய்ச் செய்தியைச் சொன்னேன். அழவில்லை. "என்ர பிள்ளைக்கு அங்க போற முறை வரேல்லையே, ஏன் அனுப்பினவை?" என்று மட்டும் கேட்டார். நான் திரும்பிப் பால்மா கொடுக்கப் போனேன்.

செலீன்


லாசால், மொன்றியல்
1 ஜூலை 2009

செலீன்,

எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஒருநாளும் இருந்ததில்லை. மார்பில் கட்டியும் இல்லை, கையில் கட்டியும் இல்லை. உன்னை வெளியே எடுக்க வேறு வழி தெரியாமல் மதருக்குப் பொய் எழுதினேன். சாகக் கிடந்தால்தான் கூப்பிடுவார்கள் என்று நீ எழுதிய வரியைப் பிடித்துக்கொண்டு, குசினி மேசையில் இருந்து, மூன்று தாள் கிழித்து நாலாவதில் நல்ல எழுத்தாக எழுதினேன். தபால் பெட்டிக்குள் போட்டபோது எனக்குச் சந்தோஷம். அதையும் சொல்லிவிடுகிறேன், சந்தோஷமாகத்தான் இருந்தது.

உன் இடத்துக்கு இன்னொருத்தியை அனுப்புவார்கள் என்று நான் நினைக்கவில்லை. இதோடு நிறுத்தினால் அதுவும் பொய். மதரின் கடிதம் வந்தபோது தெரிந்தது. வயது இருபத்தொன்பது, பையைக் கட்டினார் என்று வாசித்தேன். அன்றைக்கே உண்மையை எழுதியிருந்தால் அந்தப் பிள்ளையைத் திருப்பி எடுத்திருப்பார்கள். நான் எழுதவில்லை. யாரோ ஒருத்தி, முகம் தெரியாதவள், அவளா நீயா என்று வந்தால் நீதான் என்று வைத்துக்கொண்டேன்.

நீ தொலைபேசி எடுத்தபோது நான் ஆஸ்பத்திரியில் இல்லை. போனுக்குப் பக்கத்திலேதான் நின்றேன். இலங்கை நம்பர் என்று தெரிந்தது. பதினெட்டு வருஷமாக உன் குரலைக் கேட்கவில்லை, எடுத்தால் என் குரலில் பிடித்துவிடுவாய் என்று நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று தரமும் அடித்து ஓய்ந்தது.

அந்த நிருஷாப் பிள்ளை என் சுகத்தைக் கேட்டதாம். ஐயோ செலீன், அதை எழுதி ஏன் என்னைக் கொன்றாய்? கொல்லத்தான் எழுதினாய் போல. சரிதான்.

மதருக்கும் இன்றைக்கு எழுதிப் போட்டுவிட்டேன். நீ இனி எனக்கு எழுதாமல் விட்டால் நான் ஏன் என்று கேட்க மாட்டேன்.

றோஸ்மேரி


செட்டிகுளம், வவுனியா
2 ஓகஸ்ட் 2009

அன்புள்ள அக்கா,

எழுதாமல் விட முடியவில்லை. உங்களிடம் சொல்லவேண்டியது என்னிடமும் ஒன்று இருக்கிறது. இதை வாசிக்கும்போது கதிரையில் இருந்துகொள்ளுங்கள்.

எனக்குத் தெரியும். உங்கள் கடிதம் வருவதற்கு முன்பே, போன ஒக்டோபரிலேயே தெரியும்.

வைத்தியரின் கடிதம் வரவில்லை என்று மதர் உங்கள் பங்குச் சுவாமிக்கு எழுதியிருந்தா. அவருடைய பதில் ஒக்டோபர் பதினாறாம் திகதி வந்தது. தபால் பிரிப்பது என் வேலை. "றோஸ்மேரி நல்ல சுகமாக இருக்கிறார், அவருக்கு எந்த நோயும் இல்லை என்று அவர் வாயாலேயே சொன்னார்" என்று எழுதியிருந்தார். முதலில் வந்தது உங்கள் மேல் கோபம். எழும்பி மதரின் கதவுவரைக்கும் போனேன்.

அப்போது பாதை முழுதாக மூடவில்லை. அந்த மாதம் இருபத்தெட்டாம் திகதி ஒரு சுவாமியின் வாகனம் மருந்தோடு உள்ளே போக இருந்தது. மதரிடம் அந்தக் கடிதத்தைக் கொடுத்திருந்தால் நான் அதில் ஏறிப் போயிருப்பேன், கிறேஸ் அதிலேயே திரும்பி வந்திருப்பார். கதவுக்கு முன்னால் நின்று அதை யோசித்தேன். பதுங்கு குழியின் மணம் மூக்கில் ஏறியது. கொழும்பில் மூன்று மாதமாக நான் நித்திரைகொண்டிருந்தேன், அக்கா. முழு நித்திரை. திரும்பி வந்து கடிதத்தை என் செபப் புத்தகத்துக்குள் வைத்தேன். வாகனம் போனது. நான் தபால் பிரித்தேன்.

நீங்கள் பொய் சொல்லி என்னை வெளியே எடுத்தீர்கள். வெளியே நின்றது நான். ஜனவரி வரைக்கும் உங்களுக்கு எழுதாமல் இருந்தது கோபத்தில் என்று நீங்கள் நினைத்திருப்பீர்கள். வெட்கத்தில் இருந்தேன். உங்கள் பொய்யைச் சொன்னால் என் பயம் தெரிந்துவிடும்.

மதரிடம் எல்லாம் சொல்லிவிட்டேன்.  இதற்கு என்ன தண்டனை என்று தனக்குத் தெரியாது என்றா. முகாமில் பிள்ளைகளோடு இருக்க விட்டிருக்கிறா. நான் மொன்றியலுக்கு வரமாட்டேன். உங்களை வெறுத்து அல்ல. நிருஷாவுக்கும் மற்றப் பிள்ளைகளுக்கும் உண்மையைச் சொன்னேன். மூன்று பேர் இன்னும் என்னோடு கதைப்பதில்லை. அவர்கள் கதைக்கும்வரை இங்கே இருப்பேன், கதைத்தாலும் இருப்பேன்.

திரேசம்மாவின் கேள்விக்குப் பதில் சொல்ல இரண்டு பேர்தான் இருக்கிறோம். நான் என் பங்கை எழுதி அனுப்பிவிட்டேன். உங்கள் பங்கை நீங்கள் எழுதவேண்டும். முகவரி பின்பக்கத்தில்.

உடம்பைப் பாருங்கள். உண்மையாகத்தான் சொல்கிறேன்.

உங்கள் தங்கை,
செலீன்


பேசாலை, மன்னார்
18 ஒக்டோபர் 2009

கனடாவில இருக்கிற றோஸ்மேரிக்கு,

நான் கிறேஸின்ர தாய் திரேசம்மா. எனக்கு எழுத்து வராது. நான் சொல்லச் சொல்ல எங்கட கோயில் மூப்பர் எழுதிறார். ஒண்டையும் திருத்தாமல் எழுதச் சொல்லியிருக்கிறன்.

உன்ர கடிதம் வந்தது. உன்ர தங்கச்சியின்ரயும் வந்தது. மூப்பர் வாசிச்சார். ரெண்டையும் மூண்டு தரம் வாசிக்கச் சொன்னன். ஏன் அனுப்பினவை எண்டு கேட்டனான், இப்ப தெரியும். தெரிஞ்சு ஒரு சுகமும் இல்லை. ஆனாத் தெரியாமல் கிடந்து கடலைப் பாத்துக்கொண்டு இருக்கிறதைவிட இது பரவாயில்லை.

மன்னிச்சுப்போட்டன் எண்டு எழுதினால் எனக்கு நல்லதாம், சுவாமி சொன்னார். அப்பிடி எழுத வேண்டாம் எண்டு மூப்பருக்குச் சொல்லிப்போட்டன். என்னால ஏலாது. உனக்கு ஒரு தங்கச்சி உயிரோட இருக்கிறா. அவவைக் காப்பாத்த வேணுமெண்டு நீ நினைச்சதை நான் பிழை சொல்லேல்லை. என்ர பிள்ளையைக் காப்பாத்த எனக்கு அப்பிடியொரு பொய் வாயில வந்திருந்தா நானும் சொல்லியிருப்பன். எனக்கு வரேல்லை. அவள் போறன் எண்டு சொல்ல நான் பை கட்டிக் குடுத்தனான்.

உன்ர கடிதத்தில நீ தனிய இருக்கிறாய் எண்டு எழுதியிருந்தாய். அதுக்கு நான் ஒண்டும் சொல்லேலாது. நானும் தனியத்தான். மனுசன் கடலோட போயிட்டான். இவள் ஒரு பிள்ளைதான்.

அவள் மடத்துக்குப் போன நாளில இருந்து மாதம் ஒரு கடிதம் எழுதுவாள். மாதத்து முதல் வெள்ளிப் பூசைக்கு முன்னம் வந்திடும். பூசை முடியக் கோயில் முத்தத்தில வைச்சு மூப்பர் வாசிப்பார். அதில ஒரு சங்கதியும் இராது. என்ன கறி சாப்பிட்டது, ஆருக்குக் காய்ச்சல், எந்தப் பிள்ளை என்ன குழப்படி செய்தது, அவ்வளவுதான். வன்னிக்குப் போன பிறகு நிண்டுபோச்சு. இப்பவும் முதல் வெள்ளிக்கு நான் முத்தத்தில இருக்கிறன். சனம் என்னைப் பாக்காமல் போகுது.

அவளின்ர இடத்துக்கு மாதம் ஒருக்கா நீ எழுது.

மன்னிப்புக் கேட்டு எழுதாதே. அது ஒருதரம் வந்தது, போதும். அழுதும் எழுதாதே. என்ன சமைச்சாய், பனி எவ்வளவு, உன்னோட வேலை செய்யிறதெண்டு எழுதின அந்தப் பொம்பிளை என்ன சொன்னது, அதை எழுது. மூப்பர் வாசிப்பார், நான் கேப்பன். பதில் வருமெண்டு பாத்திராதே. சில மாதம் சொல்ல மனம் வரும், சில மாதம் வராது.

கனடாவில இருந்து கடிதம் வர எத்தினை நாள் எடுக்குமெண்டு மூப்பருக்கும் தெரியாதாம். இது கிடைச்ச உடனே எழுதிப் போடு.

திரேசம்மா
(பெருவிரல் அடையாளம்)